மொட்டைத் தலையில் பட்ட கை

கல்வராயன் மலைக் கோயிலில் என் மகள் பவித்ரா காணாமல் போன அன்று நான் முழுப் பைத்தியமாக இருந்தேன். ஊரில் என்னை அரைப் பைத்தியம் என்பார்கள். மீதியை அன்று நிரப்பினேன். அம்மனை நம்பும் சொந்தங்களே, சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது.

போன வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி. பவிக்கு நாலு வயது. காய்ச்சலில் பிழைத்த பிள்ளைக்கு வேண்டுதல் முடிக்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வேனில் மலையேறினோம். அவளுக்கும் எனக்கும் மொட்டை போட்டு, சந்தனம் பூசினார்கள். ஓடையில் பாவாடை நனைந்துவிட்டதால், சொந்தக்காரப் பையனின் டவுசரையும் சட்டையையும் அவளுக்கு மாட்டிவிட்டோம். பொங்கல் பொங்கி வந்தது. எல்லோரும் பானையையே பார்த்தோம். திரும்பினால் பிள்ளை இல்லை.

வேனில் வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடினார்கள். என் மனைவி செல்வி சாமி முன்னால் மயங்கி விழுந்தாள். நான் மைக்கைப் பிடுங்கி, “ரெட்டை ஜடை, செவப்புப் பாவாடை!” என்று கத்தினேன். அப்போதுதான் பைக்கில் வந்திறங்கிய செல்வியின் தம்பி சிரித்தான்.

“இன்னா மாமா, கோயில்லயுமா வெளையாட்டு?”

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் வாய் மூடியது. காலமெல்லாம் கேலி பேசியவனுக்கு அழுதாலும் மரியாதை இல்லை.

போலீஸ்காரரிடம் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஜடை, ரிப்பன், சிவப்புப் பாவாடை. அவரும் அப்படியே எல்லோருக்கும் தகவல் சொன்னார். ஒரு மலையே இல்லாத ஜடையைத் தேடியது.

மச்சான் பைக்கில் கச்சிராயபாளையம் இறங்கினோம். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார்.

“பொண்ணு எதுவும் வர்லைங்க. ஒரு ஆளு மொட்டப் பையன ஒருத்தன தூக்கிக்கினு வந்தான். புள்ள அழுதுக்கினே இருந்துச்சு.”

“அது வேற புள்ளைங்க” என்றேன். பெற்ற அப்பன் சொன்னது இது.

அதற்குமேல் எங்கே ஓடுவது? ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளைக் கடத்தி என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று கேட்ட கதைகள் மண்டைக்குள் ஓடின. வேண்ட வார்த்தை வரவில்லை. “அம்மா, என்னால முடியல” என்று மட்டும் சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கிய கை நிற்காமல் தலையில் விழுந்தது.

வழவழவென்று இருந்தது. உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியது.

“டேய், பவிக்கும் மொட்டைடா!” என்று அலறிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். அந்த ஆள் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறியிருந்தான். டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த அந்த பஸ் கண்டக்டருக்கு உடனே போன் போட்டார். கண்டக்டர் அந்த ஆளிடம் போய், “புள்ள பேரு இன்னாங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“முருகன்” என்றானாம்.

“நான் ஒண்ணும் முருகன் இல்ல, பவி!” என்று பஸ்ஸே அதிர அழுதிருக்கிறாள் என் மகள்.

அவன் குதித்து ஓடினான். பயணிகள் கரும்புத் தோட்டத்தில் மடக்கிப் பிடித்துப் போலீசிடம் கொடுத்தார்கள்.

கை தற்செயலாக விழுந்தது என்பார்கள் சிலர். சொல்லட்டும். என் புத்தி மொத்தமும் நின்றுபோன இடத்தில் அந்தக் கையைப் பிடித்துத் தலையில் வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களும் கும்பிட்டவர்கள்தான். வெள்ளிதோறும் அவர்களுக்காக விளக்கேற்றுகிறேன். அந்த நேரத்தில் மட்டும் நான் கேலி பேசுவதில்லை.

உங்களுக்கும் வார்த்தை வராத நாள் வந்தால், முடியவில்லை என்பதையே சொல்லிக் கும்பிடுங்கள். அவளுக்கு அது போதும்.

அன்று கண்டக்டர் கையிலிருந்து பவியை வாங்கினேன். ஏங்கி ஏங்கி அழுதவள் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“ஏம்ப்பா இம்மாம் நேரம்?”

இன்னொரு கன்னத்தையும் காட்டினேன்.