மதினி உயரத்துக்குத் திருப்பிய கண்ணாடி

காருக்குள்ளே, முன்கண்ணாடிக்கு நடுவில், பின்னால் வருவதைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடி தொங்குமே, அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் அம்பாசடர் காரில் அந்தக் கண்ணாடி ஒருநாள் கீழ்நோக்கிக் குனிந்திருந்தது. கழுகுமலை ரோட்டில் சைக்கிள் பஞ்சராகி, அதைத் தள்ளிக்கொண்டே கோவில்பட்டிக்கு வந்துகொண்டிருந்தேன். ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் கார் நின்றது. ஸ்டியரிங்கில் அண்ணாச்சி, பின்சீட்டில் மதினி. "சைக்கிள மரத்துல சாத்திட்டு ஏறுலே" என்றார். ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி நல்ல உயரம். தலை காரின் கூரையைத் தொடும். அந்த உயரத்திலிருந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் பின்சீட்டும் மதினியின் மடியும் தெரியுமே தவிர ரோடு தெரியாது. "கண்ணாடி எறங்கிக் கெடக்கே அண்ணாச்சி, தூக்கி விடட்டுமா?" என்று கையை நீட்டினேன். "விடுலே. பின்னால வாரவனப் பாத்து நமக்கென்ன ஆகப்போவுது? முன்னால போறதப் பாப்போம்" என்றார். நல்ல பேச்சாக இருக்கிறதே என்று மனசுக்குள் குறித்துவைத்துக்கொண்டேன். யார் வாயிலிருந்து நல்ல வாசகம் விழுந்தாலும் பொறுக்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

அண்ணாச்சி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பருத்தித் தரகு பார்க்கிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அதனால் அவர் வீட்டம்மா எனக்கு மதினி. கழுகுமலை போகிற வழியில் ஒரு கிராமத்தில் காடுகரையில் வெள்ளாமை செய்த சம்சாரிக் குடும்பம் அவர்களுடையது. நானோ எட்டாம் வகுப்போடு நின்று, தீப்பெட்டி ஆபீஸில் சில வருஷம் லேபிள் ஒட்டி, பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்டாகத் திரிந்தவன். இங்கிலீஷை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை; பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அதனால் என்னுடைய இங்கிலீஷில் இன்றைக்கும் நிபந்தனைகள் அதிகம்.

அண்ணாச்சியின் பிழைப்பு அவர் கண்ணில் இருந்தது. பஞ்சுக் குடோன்கள் வரிசையாக இருக்கிற கிட்டங்கித் தெருவில் பொதியைப் பிரித்து ஒரு கைப்பஞ்சு எடுத்துக் கொடுப்பார்கள். அவர் அதை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி இழையைப் பார்ப்பார். நிறம், நீளம், எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது, மழையில் நனைந்து காய்ந்ததா என்று வரிசையாகச் சொல்லுவார். விற்கிறவனும் வாங்குகிறவனும் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். "பஞ்சு பொய் சொல்லாது தம்பி, அதக் கொண்டு வாரவன்தான் சொல்லுவான்" என்பார். அந்தத் தெருவில் அவருக்கு இருந்த மதிப்பு அதுதான். அந்த மதிப்போடு அவர் காரும் சேர்ந்து வரும். வெள்ளை வேட்டி சட்டையோடு தானே காரை ஓட்டிவந்து, மாட்டு வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே நிறுத்தி இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு.

அன்றைக்கு அந்தத் தெருவுக்குள் கார் நுழைந்ததும் லோடுமேன்கள், "ஏலே, அண்ணாச்சி வண்டி வருது, ஒதுங்குங்கலே!" என்று கத்தினார்கள். பாரம் ஏற்றிய வண்டிகூட ஓரமாகப் போனது. அண்ணாச்சி லேசாகத் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். பின்சீட்டில் மதினி மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். "அந்தா, எடது பக்கம் ஒரு சைக்கிள்காரன் வாரானே, நம்ம ஊர்க்காரன் மாதிரி இல்ல?" "இந்தக் கெழவி என்ன இப்படிக் குறுக்க போறா, நடுரோட்டுல?" "கறுப்பு மாடு ஒண்ணு படுத்துக் கெடக்கு பாருங்க, யாரு வீட்டு மாடோ!" மதினி இவ்வளவு பேசுவாரா என்று எனக்கு ஆச்சரியம். அது பேச்சில்லை, வேறு ஒன்று என்பது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

மதினி கார் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கிவந்திருந்தது ஊருக்கே அப்போது புதுக்கதை. எங்கள் பக்கத்தில் களை எடுக்கிற, பருத்தி எடுக்கிற, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் உண்டு. ஸ்டியரிங் பிடித்த பெண்ணை யாரும் பார்த்ததில்லை. வற்றிக் கிடந்த கண்மாயில் வைத்து அண்ணாச்சிதான் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். "மோதுததுக்கு அங்கன என்ன இருக்கு? ஒரு ஆட்டுக்கெட. அதுவும் என்னக் கண்டதும் ஓடிரும்" என்று மதினி சிரிப்பார். திருநெல்வேலியில் சோதனை வைத்த அதிகாரி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்த நடுவயதுப் பெண்ணைப் பார்த்து, "எதுக்கும்மா இந்த வயசுல?" என்று கேட்டாராம். "வயசு எனக்குத்தான் ஆச்சு, காருக்கு ஆகலையே" என்றாராம் மதினி. ஊரில் பலபடியாகப் பேசினார்கள். பட்டணத்துக் கூத்து என்றார்கள். அண்ணாச்சி செல்லம் கொடுக்கிறார் என்றார்கள். "அவளுக்கு ஆச, படிச்சுக்கிட்டா" என்று அண்ணாச்சியும் சொல்லி முடித்துவிடுவார்.

அப்புறம் ஒருநாள் காலையில் அண்ணாச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய சம்பள டிரைவர் லாரி ஓட்டப் போனபிறகு, காரின் பாலிசியில் ஓட்டுகிறவர் என்ற இடத்தில் அண்ணாச்சி ஒருத்தர் பெயர்தான் இருந்தது. மதினி பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார். "பாலிசியில இல்லாதவ ஓட்டி ஏதாச்சும் ஆனா வீடு வாசல் போயிரும்லா" என்றார். அது சரிதான். காபி வந்தது. நான் படிவத்தை விரித்தேன். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் ஆபீஸில் வைத்து நிரப்புகிற ஏஜெண்டுகள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, பதிலைக் கேட்டு, அவர்கள் பார்க்கவே எழுதுவேன். ஏதோ கல்யாண ஓலை வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள்.

பெயர், வயசு, லைசென்ஸ் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கேள்வியை வாசித்தேன். "காரை ஓட்டப்போகிறவர்களில் யாருக்காவது கண்பார்வைக் குறைவோ, காது மந்தமோ, உடம்பில் வேறு ஊனமோ உண்டா?" சடங்குக்குக் கேட்கிற கேள்வி என்று நினைத்து, பதில் வருவதற்கு முன்னாலேயே பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன்.

"இல்லன்னு போடு" என்றார் அண்ணாச்சி.

"போடாதிய தம்பி" என்றார் அடுப்படி வாசலில் நின்ற மதினி.

அண்ணாச்சி திரும்பினார். "ஏட்டி, உள்ள போ."

"போறேன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். மதுரை டாக்டர் என்ன சொன்னாருன்னு நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

மதினிதான் சொன்னார். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து உள்ளுக்குச் சுருங்கி வருகிறதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள மருந்து விட வேண்டும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் மதினி ஓட்டப் படித்தது. வேறு டிரைவர் வைத்தால் அவன் போய் டீக்கடையில் சொல்லுவான். ஆனால் ஊர் எல்லை வரைக்கும்தான் மதினி ஓட்டுவார். வேப்பமரத்தடி வந்ததும் இரண்டு பேரும் இறங்கி இடம் மாறிக்கொள்வார்கள். ஆளில்லாத ரோட்டில் கண் தெரிகிறவர் ஓட்ட, ஜனம் நெரிகிற கிட்டங்கித் தெருவில் கண் தெரியாதவர் ஓட்டினார். அண்ணாச்சி தானே ஓட்டிவந்து இறங்குவதை அந்த நாலு பேர் பார்க்க வேண்டுமே, அதற்காக.

எனக்கு அந்தக் குனிந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. சைக்கிள்காரனும் கிழவியும் கறுப்பு மாடும் ஞாபகம் வந்தார்கள். நானும் அந்த முன்சீட்டில்தானே உட்கார்ந்து போனேன்!

"பொய் எழுதினா கம்பெனி பின்னால கைய விரிச்சிரும் அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கம்பெனி கெடக்கட்டும்" என்றார் மதினி. "ஒரு புள்ள குறுக்க ஓடியாந்தா என்ன செய்யுவிய?"

"நான் பாக்க மாட்டனா?"

"நான் சொல்லித்தான பாக்குதிய. நான் சொல்லி முடிக்குமுன்ன அந்தப் புள்ள நிக்குமா?"

அண்ணாச்சி என்னிடம் பேசினார், மதினியைப் பார்க்காமல். "கண்ணு தெரியாதுன்னு ஆச்சுன்னா எவன் தம்பி எங்கையில பஞ்சக் குடுப்பான்? நீ இதுல உண்டுன்னு எழுதுத. இது ஆபீசுக்குப் போவும். அங்கன நம்ம ஊரு ஆளுவ இருக்கான். சாயங்காலத்துக்குள்ள கிட்டங்கித் தெருவுக்கு வந்துரும். நான் பொழைக்க வேண்டாமா?" அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஆமாம் என்றால் பிழைப்பு போகும். இல்லை என்றால் ஒரு உயிர் போகலாம்.

மதினி வந்து தரையில் உட்கார்ந்தார். "தம்பி, அந்தக் கேள்விய இன்னொருக்க வாசிங்க." வாசித்தேன். "ஓட்டப்போறவியளத்தான கேட்டுருக்கு? ஓட்டாதவிய கண்ணப் பத்தி யாரும் கேக்கலையே. இவிய பேர எடுத்துட்டு, ஓட்டுதது நான் மட்டும்னு எழுதுங்க. பொய்யும் இல்ல, ஊருக்குச் சொன்னதாவும் இல்ல." பொடி எழுத்தோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய எனக்கு அது தோன்றவில்லை. பெயர் சேர்க்க வந்த இடத்தில் பெயரை எடுக்கச் சொல்லுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் ஸ்டியரிங்கின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கை ஒட்டிய கைக் கியரை ஒரு தடவை மேலே தள்ளினார், கீழே இறக்கினார். மதினி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அண்ணாச்சி திரும்பி வந்து, சாவியைப் படிவத்தின் மேல் வைத்தார். "எழுதுலே" என்றார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி ஒன்று கேட்டார்: "அப்ப நான் எங்கன உக்காருதது?"

அது லேசான கேள்வி இல்லை. எங்கள் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் பார்க்க அக்கம்பக்கமாக உட்கார்ந்து போகிற வழக்கம் கிடையாது. அதனால்தான் மதினி எப்போதும் பின்சீட்டு. மதினி சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: "பின்னால உக்காந்தா என்னயச் சம்பள டிரைவர்னு நெனைப்பானுவ. அந்தச் சம்பளத்த நீங்க குடுக்கவும் மாட்டிய. முன்னாலயே உக்காருங்க."

பாலிசியில் மாற்றம் பதிவாகி வந்த பிறகு, முதல் சந்தை நாளில் நான் வேண்டுமென்றே கிட்டங்கித் தெருவில் போய் நின்றேன். கார் வேப்பமரத்தடியில் நிற்காமல் வந்தது. ஸ்டியரிங்கில் மதினி, கழுத்து எக்காமல் நிமிர்ந்து. பக்கத்தில் அண்ணாச்சி, முழங்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. லோடுமேன்கள் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஒதுங்கவில்லை. மதினி ஹாரன் அடித்து, மாட்டு வண்டிக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்துவந்து நிறுத்தினார். அண்ணாச்சி இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். அவர் முகம் சுண்டியிருந்தது.

"என்னலே, ஒரு பய ஒதுங்கலையே இன்னைக்கு?" என்றார், சிரிக்கிற மாதிரி.

லோடுமேன்களில் மூத்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இன்னைக்குத்தான் அண்ணாச்சி நிம்மதியா மூட்ட தூக்குதோம்."

"அப்ப இத்தன நாளும் ஒதுங்குனது மரியாதைக்கு இல்லையா?"

"மரியாதையும் உண்டு அண்ணாச்சி" என்றார் அவர். "உயிர்ப்பயமும் உண்டு."

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்க, கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் மனசு நோகக் கூடாதென்று ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு வழிவிட்டிருக்கிறது. மறைக்கிறவர் ஒருத்தர், தெரியாததுபோல் இருக்கிறவர்கள் இத்தனை பேர். நடுவில் ஒரு குழந்தை மட்டும் குறுக்கே ஓடாமல் இருந்ததே, அது யார் செய்த புண்ணியமோ. ஸ்டியரிங்கில் இருந்த மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். தூசியாகவும் இருக்கலாம், கிட்டங்கித் தெருவில் பஞ்சுத்தூசிக்குக் குறைச்சல் கிடையாது.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொன்னால் அது கதை. சில வியாபாரிகள் வேறு தரகரிடம் போனார்கள். சிலர் போகவில்லை. அவர்கள் கொடுத்த பஞ்சை அவர் காதுப் பக்கம் வைத்து இழுத்து, இழை அறுகிற சத்தத்தைக் கேட்டுச் சொன்னார். நிறத்தை மட்டும் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்டுக்கொண்டார். அப்படியும் சில வருஷம் பிழைப்பை ஓட்டினார். அவர் காலமாகிற வரைக்கும் முன்சீட்டில்தான் உட்கார்ந்து போனார். "சும்மா வந்தா என்ன, ரோட்டுல என்ன போவுதுன்னு சொல்லேன்டி" என்று அவர் கேட்பதும், மதினி முன்போலவே கிழவியையும் மாட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டு ஓட்டுவதும் எனக்குத் தெரியும். இப்போது அது வெறும் பேச்சுத்தான்.

எனக்கும் வயசாகிவிட்டது. பாலிசி இப்போது போனிலேயே வந்துவிடுகிறது; எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க ஆள் இல்லை. போன மாதம் கண் டாக்டர் என்னிடம் சில வார்த்தைகள் சொன்னார். வீட்டில் பாதிதான் சொன்னேன். நேற்றுக் காலையில் என் வீட்டுக்காரியோடு எட்டயபுரம் வரை போக வேண்டியிருந்தது. அவள் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டில் கிடந்த குடை தெரிந்தது, ரோடு தெரியவில்லை. கடைசியாக ஓட்டியவள் அவள், என்னைவிடக் குட்டை. தூக்கிவிடக் கையை நீட்டினேன். கை கண்ணாடி வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். வந்தவள் குனிந்து பார்த்து, "என்ன, இங்கன உக்காந்துட்டிய?" என்றாள்.

"கண்ணாடி ஒனக்குச் சரியா இருக்கு" என்றேன். "அப்படியே இருக்கட்டும். நீ எடு."