அருளப்பர் திருநாளும் ஒரு ரபார்பர் செடியும்

பிடுங்கும்போது 'சளக்' என்று ஒரு சத்தம் வரும்... அடித்தண்டு பால்நிறம், மேலே போகப் போகச் சிவப்பு. கையில் பச்சைப் புளிப்பு மணம் ஒட்டிக்கொள்ளும்.

ரபார்பர் என்று அதற்குப் பெயர். நான் அதை முதன்முதலில் கண்டது டாவோஸ் என்ற மலையூரில், எங்கள் வீட்டுக்கார அம்மா ரோசியின் தோட்டத்தில். மூன்று செடிகள். இலை ஒவ்வொன்றும் சேம்பிலை அளவு.

அப்போது நான் ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி றீற்றாவுக்கு முதல் பிள்ளை வயிற்றில். சோற்று மணமே ஆகாது. தண்ணீர் குடித்தாலும் சத்தி, அப்படியே வெளியே வந்துவிடும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. "இப்படியே மெலிந்தால் பிள்ளைக்கும் கூடாது" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று... உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட பச்சை மாங்காய். அந்த மலையில் மாங்காய்க்கு நான் எங்கே போவது?

ஒருநாள் ரோசி நாலைந்து தண்டை இலையோடு பிடுங்கித் தந்தார். றீற்றாவின் முகத்தில் கனநாளைக்குப் பிறகு சிரிப்பு.

"இஞ்சருங்கோ, கீரை! வறை வறுப்பம்."

தண்டை முறித்துக் குப்பைக்குள் போட்டாள். இலையைக் குறுணியாக அரிந்து அடுப்பில் வைத்தாள்.

நல்லகாலம், அந்த நேரம் பார்த்து ரோசி நாங்கள் இருந்த மேல்மாடிக்கு வந்தார். சட்டியைப் பார்த்தார். அப்படியே தூக்கிக் குப்பையில் கொட்டினார். இலையைக் காட்டி, தன் கழுத்தைத் தானே நெரித்து, நாக்கை வெளியே தள்ளிக் காட்டினார். இலை நஞ்சு என்று அப்போதுதான் விளங்கியது. பிறகு குப்பைக்குள் கிடந்த தண்டை எடுத்துக் கழுவி, நார் உரித்து, தான் ஒரு கடி கடித்துவிட்டு நீட்டினார்.

றீற்றா கடித்தாள். கண்ணை மூடினாள்.

"அந்த உப்பையும் தூளையும் எடுங்கோ, கெதியா!"

அன்று தின்றது வயிற்றில் தங்கியது. பின்னேரம் கொஞ்சம் சோறும் இறங்கியது. அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகமுன் ஒரு தண்டு பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஜூன் கடைசியில் ரோசி என்னைத் தோட்டத்தில் மறித்தார். பாதி வாயாலும் பாதி கையாலும் விளங்கவைத்தார்.

"ஜோஹானஸ் திருநாள் வந்திட்டுது. இனிப் பிடுங்கக் கூடாது. செடி களைச்சுப்போகும்."

இங்கே எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கமாம். மேலே வந்து சொன்னேன். ஜோஹானஸ் என்பது வேறு யாருமில்லை, எங்கள் வேதத்தில் வரும் ஸ்நாபக அருளப்பர்தான். றீற்றா எழும்பி உட்கார்ந்தாள்.

"அருளப்பரோ? அவர் தாயின்ர வயித்துக்குள்ள துள்ளினவரெல்லோ! வயித்துப் பிள்ளையின்ர அந்தரம் அவருக்குத் தெரியாதோ? போய் அந்த மனுசியிட்டைச் சொல்லுங்கோ."

"இதை நான் எப்பிடி இவையின்ர டொச்சுப் பாஷையில சொல்லுறது?"

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? போங்கோ!"

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதுகூட நான் கதைக்கக் கதைக்கப் போன்தான் எழுதுகிறது. அன்று தெரிந்த டொச்சும் ஹோட்டல் குசினிக்குள் காதால் பிடித்ததுதான். "ஜோஹானஸ்... மம்மா... வயிறு..." என்றேன். அதற்குமேல் சொல் இல்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தோட்டத்தின் நடுவில் நானே துள்ளிக் காட்டினேன்.

ரோசி வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து, கண்ணீர் வரச் சிரித்தார்.

எழும்பிப்போய் ஓரத்துச் செடியைத் தொட்டுக் காட்டினார்.

"இது உங்களுக்கு. மற்ற ரெண்டிலயும் கை வைச்சியோ..." விரலை ஆட்டினார்.

சத்தி நிற்கும்வரை அந்த ஒரு செடிதான் றீற்றாவுக்குச் சாப்பாடு இறக்கியது. பனிக்காலத்தில் மகள் பிறந்தாள், கொழுகொழுவென்று.

அடுத்த வசந்தத்தில் மற்ற இரண்டும் செழித்து வர, அந்தச் செடி மட்டும் பென்சில் தடிப்பில் வந்தது. ரோசி எங்கள் மகளைத் தூக்கிவந்து அதற்கு முன்னால் பிடித்தார். "பார், இவளுக்காகத்தான் நீ களைச்சனீ" என்று செடியிடம் சொன்னார். அந்த வருடம் முழுக்க ஒருவரும் அதைத் தொடவில்லை.

இப்போது ரோசி இல்லை. நாங்கள் ஓர்லிகோன் நகரத்துக்கு வந்தும் கனகாலம், மகளும் வளர்ந்துவிட்டாள். சூப்பர் மார்க்கெட்டில் ரபார்பர் இலையில்லாமல், பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடக்கிறது. தமிழ்க் கடையில் பச்சை மாங்காய், வெளியே பனி கொட்டும்போதும் இருக்கிறது.

போன கிழமை றீற்றா ஒரு மாங்காயை எடுத்து, மூக்கில் வைத்து மணந்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"ஏன், வேண்டேல்லையோ?" என்றேன்.

"இப்ப ஆருக்கு?" என்றாள்...