கேஸிலிருந்து கழற்றிக்கொள்ளப் பார்த்தேன்

போன வாரம் புதுக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் ஒரு கேஸ் ஜெயித்தேன். வாழ்த்தெல்லாம் வேண்டாம். நடுவில் அதே கேஸிலிருந்து கழற்றிக்கொள்ள மனுப் போட்டவனும் நான்தான்!

கட்சிக்காரர் ராக்கம்மா. அரிமளம் பக்கம். புருஷன் மலாயாவில். கல்யாணத்தின்போது அப்பா எழுதிக் கொடுத்த நிலத்தில் மிளகாய் போட்டிருந்தார். கிணறு பக்கத்து நிலத்தில் — அண்ணன் கருப்பையாவின் பங்கில். குடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், கமலை மட்டும் கட்டாதே என்றுவிட்டார் அண்ணன். மாடு கட்டி இறைக்க வேண்டிய தண்ணீரை இடுப்பில் சுமந்து எத்தனை செடிக்கு ஊற்றுவது? கேஸ் வந்தது.

பத்திரத்தில் கிணற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் கல்தான். தங்கையின் நிலத்தைப் பார்த்த பக்கத்திலும் கமலை கட்ட இரண்டு கற்களை அப்பா நட்டிருந்தார். இப்போது செடி மூடிக் கிடந்தது. கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அதைப் பார்த்துவிட்டால் போதும், கேஸ் நம் பக்கம். அதுவரை மூச்சு விடக் கூடாது என்று ராக்கம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இடையில் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். அண்ணனும் சீர்வரிசையோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி, பந்தியில் உட்கார்ந்து, கேஸ் எப்படிப் போகிறது என்று விசாரித்திருக்கிறார். இவர் குழம்பு ஊற்றிக்கொண்டே கல் விவகாரத்தை முழுக்கச் சொல்லிவிட்டார்!

எனக்கு வந்த கோபம்... ஒரு கடப்பாரை இருந்தால் கல்லும் போய்விடும், கேஸும் போய்விடும். சத்தம் போட்டேன். ராக்கம்மா நிதானமாகக் கேட்டார்.

“தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியுங்களா? வந்த மனுசன் கேக்குறாரு. கூடப் பொறந்தவருகிட்ட எப்படிங்கய்யா பொய் சொல்றது?”

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? வக்காலத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மனுப் போட்டேன்.

முன்சீப் காரணம் கேட்டார். சங்கடம். கட்சிக்காரரின் ரகசியத்தை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. கட்சிக்காரரே அதைப் பந்தியில் பரிமாறிவிட்டார் என்பதையும் சொல்லக் கூடாது! ஒத்துழைப்பு இல்லை என்று மென்று விழுங்கினேன். முன்சீப் ராக்கம்மாவைப் பார்த்தார். ஐயா போவதென்றால் போகட்டும், வேறு வக்கீல் பிடித்து அவர் வாய்தா வாங்குவதற்குள் மிளகாய் கருகிவிடும், அவ்வளவுதான் என்றார் ராக்கம்மா. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

அப்போது ஆட்சேபம் வந்தது — எதிர்த் தரப்பிலிருந்து! கருப்பையா எழுந்து நிற்கிறார். அவருடைய வக்கீல் கையைப் பிடித்து இழுக்கிறார். மனுஷன் உட்காருவதாக இல்லை.

“அவரப் போக விடாதீங்க எசமான். வக்கீல் இல்லாத பொம்பளகிட்டச் செயிச்சா ஊருல காறித் துப்புவாங்க. செயிச்சா வக்கீலச் செயிச்சதா இருக்கணும். எந் தங்கச்சியச் செயிச்சதா இருக்கக் கூடாது.”

கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. மனுவை நானே வாபஸ் வாங்கினேன்.

பிறகு கமிஷனர் கிணற்றுக்குப் போனார். நானும் கூடப் போனேன். செடியை விலக்கினால்... கற்கள் இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கின்றன! கருப்பையாவைப் பார்த்தேன்.

“அப்பா நட்ட கல்லுல நான் கை வைக்க மாட்டேன். கல்லு இருந்தாத் தண்ணி விடணுமான்னு கோர்ட்டு சொல்லட்டும்” என்றார் விறைப்பாக.

கோர்ட் சொல்லிவிட்டது. தண்ணீரில் பாதி முறை ராக்கம்மாவுக்கு. மிளகாய் பிழைத்தது.

வக்கீல் என்றால் சண்டை மூட்டுகிறவன் என்கிறது ஊர். சொல்லட்டும். சில குடும்பங்களில் சண்டையைக் கொஞ்ச காலம் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வெளியாள் ஒருவன் வேண்டியிருக்கிறது. கை காலியாக இருந்தால்தானே அண்ணனும் தங்கையும் ஒரே பந்தியில் சாப்பிட முடியும்?

தீர்ப்பு முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அண்ணன் முகம் தொங்கிப் போயிருந்தது. ராக்கம்மா அவரைத் தேற்றியது என் காதிலேயே விழுந்தது.

“நான் என்னண்ணே பண்ணட்டும்? எல்லாம் இந்த வக்கீலு பண்ணுன வேலை.”

வாங்கின ஃபீஸில் அதுவும் சேர்த்தி!