ஜெய்லானி பாய்க்கு இரண்டு தொழுகை

ஜெய்லானி பாய் நேற்று விடிகாலையில் இறந்துவிட்டார். அடக்கம் செய்ய சாயங்காலம் ஆகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. எந்தப் பள்ளிவாசல் இமாம் ஜனாஸா தொழுகை நடத்துவது என்று மகன்கள் இருவருக்கும் சண்டை...

பெரியவன் பழைய பள்ளி, சின்னவன் புதுப் பள்ளி. தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று ஊர் எப்போதோ இரண்டானது. அன்றிலிருந்து ஒருத்தர் இமாமுக்குப் பின்னால் இன்னொருத்தர் நிற்பதில்லை. பெற்ற அத்தாவின் மய்யித்து நடுவீட்டில் கிடக்கும்போதும் அந்த ரூல் மாறவில்லை.

கடைசியில் இரண்டு தொழுகை. தனித்தனியாக.

தெரியாதவர்களுக்கு... பாய் எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தார். பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் வர வேண்டும். கடைக்குப் பின்னால் அவருடைய தென்னந்தோப்பு. நான் அந்தத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியில் பிறந்தவள். இப்போது தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன்.

எங்கள் அப்பா செத்தது ஐப்பசி அடைமழையில். சுடுகாட்டுக்குப் போகிற வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி பண்ணை வீட்டுக்காரர் வயல்.

"நட்ட வயல்ல பொணத்தத் தூக்கிட்டு எறங்குனா கால் இருக்காது" என்று ஆள் விட்டுச் சொன்னார். குத்தகை நிலத்தை விட மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் அவர் மேல் கேஸ் போட்டிருந்த நேரம். கோபத்தைப் பிணத்தின் மேல் காட்டினார்.

அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாடை வர ஆரம்பித்துவிட்டது.

பாய் குடையோடு வந்தார். அண்ணனைக் கூப்பிட்டார். "செல்வம், நம்ம தோப்பு வழியா தூக்கிட்டு வாங்கப்பா. வேலியப் பிரிச்சு விட்டுட்டேன்."

"பாய், அது பள்ளிவாசல் தெருவுலல்ல போய் ஏறும்? பறையெல்லாம் இருக்கு..."

"தெரியும்ப்பா. இப்ப அசர் தொழுகை நேரம். முடியற வரைக்கும் தோப்புக்குள்ள நில்லுங்க. அப்புறம் அடிச்சுக்கிட்டே போங்க. ஒங்கப்பாவுக்கு உள்ளத ஏன் கொறைக்கணும்?"

நின்றோம், மழையில். பெண்கள் நாங்கள் தோப்பு எல்லையோடு திரும்பிவிட்டோம். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் பார்த்தது, அப்பாவின் பாடைக்கு முன்னால் நடந்துபோன பாயை.

அந்த வாரமே இரண்டு பள்ளி ஜமாத்தும் சேர்ந்து உட்கார்ந்தன. சலாம்கூடச் சொல்லிக்கொள்ளாதவர்கள்! பாதையை அடைக்கச் சொன்னார்கள். பாய் மனைவி சபூராம்மா பிறகு எனக்குச் சொன்னது இது.

"ஒரு யூதரோட மய்யித்து போனப்ப நபி எந்திரிச்சு நின்னாங்கன்னு நீங்கதானே ஹஜரத், வெள்ளிக்கிழமை பயான்ல சொன்னீங்க? நான் வழிதானே விட்டேன்?" என்று ஒரு இமாமைப் பார்த்துக் கேட்டாராம் பாய்.

பதிலுக்கு ஊர்விலக்கு வந்தது.

மகள் ரஹிமா நிக்காஹுக்கு இரண்டு பள்ளியிலிருந்தும் யாரும் வரவில்லை. பேராவூரணியிலிருந்து ஒரு ஹஜரத்தை அழைத்து வந்து நடத்தினார். பந்தலில் சேரெல்லாம் காலி. நேராகக் காலனிக்கு வந்தார்.

"சோறு ஆறுது. எல்லாரும் கெளம்பி வாங்க."

ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் சாப்பிடுவார்கள் அவர்கள். சகன் என்று பெயர். அண்ணன் தனித் தட்டு தேடினான். பாய் கையைப் பிடித்து இழுத்துத் தன் சகனில் உட்கார வைத்தார். நாங்கள் கும்பிடுகிற அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் எங்களுக்குப் பந்தல் நிழல்கூடக் கிடைத்ததில்லை.

இனி எங்கள் லட்சணம்.

சில வருஷம் கழித்து வெளியூர்க்காரர்கள் வந்து காலனிப் பையன்களுக்குக் கொடியும் டீஷர்ட்டும் கொடுத்தார்கள். பிள்ளையார் ஊர்வலம் தோப்பு வழியாகத்தான் போக வேண்டுமாம், பள்ளிவாசல் முன்னால் நின்று ஆட வேண்டுமாம். பண்ணை வீட்டு வரப்பில் விடலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பாய் தனியாக வந்து வழியில் நின்றார். "இது மய்யித்து போற வழிப்பா. சாமிய மெயின் ரோட்டுல ஜம்முன்னு கொண்டு போங்க. நானே முன்னாடி வர்றேன்."

ஒரு கல் வந்து நெற்றியைப் பிளந்தது. எறிந்தவன் எங்கள் சித்தப்பா மகன். அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே வழியில்தான்.

"அப்பவே சொன்னோம்ல?" என்று இரண்டு ஜமாத்தும் வந்தன. இனிமேலாவது அடைக்கச் சொன்னார்கள். அடைக்கவில்லை. தலையில் கட்டு அவிழ்வதற்குள் காலனியில் இன்னொரு சாவு. அந்தப் பிணமும் தோப்பு வழியாகத்தான் போனது.

இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி வந்து சுடுகாட்டுக்கு ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மாறி மாறி ஜெயித்தார்கள். ரோடு?

நேற்று பஜாரில் இரண்டு ஃப்ளெக்ஸ். 'மத நல்லிணக்கத்தின் மாமனிதர்' என்று ஒன்று பழைய பள்ளி சார்பில், ஒன்று புதுப் பள்ளி சார்பில்.

பாயைச் சுமந்த சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனான் அண்ணன். ஒருத்தர் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். "நீங்க வேணாம்ணே... தப்பா எடுத்துக்காதீங்க." மகன்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

காலனி ஆட்கள் தெரு ஓரமாகவே நின்றார்கள். கல் எறிந்தவனும் நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் உள்ளே சபூராம்மா பக்கத்தில் இருந்தேன். அழவில்லை அவர்.

"குளிப்பாட்டறதுக்கு முன்னாடியே தோப்பப் பிரிக்கிறதப் பேசிட்டானுவ, புள்ள. வழி யாரு பாகத்துல வருதுன்னு தெரியல" என்றார்.

அஸ்ஸலாமு அலைக்கும், பாய்.

நான் இந்த சலாமைச் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு பள்ளியிலும் கேட்கவில்லை.