கதவைத் தட்டிய சீமாட்டி

ராயபுரத்துப் பள்ளியில் ஆங்கிலப் பேய்க்கதைப் பாடம் நடந்தது. பாழடைந்த மாளிகையில், செத்துப்போன சீமாட்டி வந்து கதவைத் தட்டுகிறாள். வகுப்பே நடுங்கியது. குப்பத்திலிருந்து முதன்முதலாக இந்த வகுப்புவரை வந்த வியாகுலம்மாள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கதை புரியவில்லையென்றால் கீழ்வகுப்புக்குப் போய்விடு" என்றார் டீச்சரம்மா.

"பேயி உனுக்குச் சொந்தமாடி?" என்று பக்கத்திலிருந்த டோரதி கிள்ளினாள்.

வியாகுலம்மாள் எழுந்தாள்.

"புரிஞ்சுது டீச்சரம்மா. கல்லறைத் திருநாளுக்கு எங்க நைனா குழியாண்ட மெழுகுவத்தி ஏத்தி, வூட்டு சேதியெல்லாம் சொல்லுவோம். இந்த சீமாட்டியம்மாவ யாருமே போய்ப் பாக்கல. அதான் அதுவே வந்துகீது. பாவமா கீது, பயமா இல்ல."

டீச்சரம்மா புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"மீதியை நீயே வாசி."

கதவு தட்டும் இடத்திலிருந்து அவள் உரக்க வாசித்தாள். குரல் நடுங்கவில்லை.