ஒழுங்காக இருந்தவை நின்றுபோயின

என் தங்கை கணவருக்குப் பட்டப்பெயர் 'அட்ஜஸ்ட்'. அவர் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் வைத்த பெயர் அது. பில் போடும் கணினிகளில் எது மக்கர் செய்தாலும் எதையாவது ஒட்டுப்போட்டு ஓடவைத்துவிடுவார். நான் முறைப்படி மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது கிடங்கில் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட ஒரு கணினி இயங்குதளத்தில். முகம் தெரியாத பலர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுவது அது. அதில் நேரடியாக நிரல் சேர்க்கும் உரிமை சிலருக்குத்தான் உண்டு. மாப்பிள்ளை அவர்களில் ஒருவர். கிடங்கில் "ஏம்பா அட்ஜஸ்ட்" என்று கூப்பிடப்படும் மனிதரிடம் அங்கே பணிவாக யோசனை கேட்பார்கள். அந்த மரியாதைக்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார். முதலில் விட்டுக்கொடுத்தது தூக்கத்தை, அப்புறம் சொந்தபந்தங்களை.

அந்த இயங்குதளத்துக்கு ஒரு மையம், அதோடு சேரும் துணைப்பகுதிகள். எல்லாவற்றையும் ஒரே அமைப்பில், அதாவது ஒரே மாதிரித் தெரிவுகளோடு, உருவாக்க வேண்டும் என்பது விதி. மையத்தை ஒரு விதமாகவும் துணையை வேறு விதமாகவும் உருவாக்கினால், ஒன்று எழுதியதை மற்றது தப்பாகப் படித்து, கணினி எழுந்திருக்கும்போதே உறைந்துவிடும். விதியைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை.

"ஜனங்க அப்படித்தான் மச்சான், கைக்குக் கிடைச்சத சேர்த்துப் போடுவாங்க. அதுக்காக மெஷின் சாகணுமா?"

பொருந்தாத இரண்டும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ள நிரல் எழுதினார். புதிய பதிப்பை வெளியிடும் பொறுப்பிலிருந்த அம்மாள் வேண்டவே வேண்டாம் என்றார். இவர் மல்லுக்கட்டிச் சேர்த்தார். ஏதாவது உடைந்தால் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று வீறாப்பாக எழுதியும் வைத்தார்.

சோதிப்பதற்கு அவர் அறையில் நான்கு பழைய கணினிகள், ஒவ்வொன்றிலும் மையமும் துணையும் பொருந்தாத ஒவ்வொரு கோணல். வீட்டிலும் கோணலுக்குத்தான் அவருடைய கருணை: சொட்டும் குழாய், கணக்கில் தேறாத மகன், காது மந்தமான அப்பா. என் தங்கை எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போய், வந்து, சமைத்து, எல்லாரையும் படுக்கவைத்து, மறுநாளும் போவாள். அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது.

புதிய பதிப்பு வெளியானது. கோணல் கணினிகள் எல்லாம் ஜம்மென்று எழுந்தன. விதிப்படி ஒரே அமைப்பில் உருவாக்கியவைதான் கொத்துக்கொத்தாக நின்றுபோயின. பொருத்தமின்மையைத் தேடிப்போன நிரலுக்கு, எல்லாம் பொருந்தியிருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது உரிமையைத் திருப்பித்தரும் கடிதத்தை அனுப்பிவிட்டு, பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதை விட்டால் அவர் வெறும் அட்ஜஸ்ட்தான். தங்கை டீ கொண்டுவந்து வைத்த நேரத்தில் பதில் வந்தது. ஒரே வரியில் திருத்தியாயிற்று, உரிமை உங்களிடமே இருக்கட்டும், இனிமேல் ஒழுங்கான கணினி ஒன்றையும் வைத்துச் சோதியுங்கள் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒழுங்கா இருக்கறத நீங்க பாக்கவே இல்லையா?" என்றாள் தங்கை.

"அதுக்கு என்ன வந்துடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கப் போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒரு மாசமா பல்வலி அண்ணா."

மாப்பிள்ளை பதறிப்போனார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"தெனமும் உங்க எதிர்லதான் ஒரு பக்கமா சாப்பிடறேன்," என்றாள் அவள், காலி டம்ளர்களை எடுத்தபடி. "நானும் நின்னுபோயிருந்தா பாத்திருப்பீங்க."