குற்றாலம் ரெண்டு டிக்கெட்

என் மகளுக்குப் பேச்சு திக்கும். எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள் எங்கள் வீட்டில். தென்காசியில் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் மறுத்தார்.

"பயமும் இல்ல, வளர்ப்பும் இல்ல. மூளையில பேச்சுக்கான பகுதிகள் சேர்ந்து வேலை செய்யுறதுல ஒரு வித்தியாசம். மரபணு வழியாவும் வரும். ஒங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன். பொய்.

எனக்கே உண்டு. திக்கும் சொல்லை மாற்றிப் பேசியே கணவரிடம்கூட மறைத்துவிட்டேன். எங்கள் வீடு குற்றாலத்தில். 'கு' வராது என்பதால், அதைத் தாண்டி இருக்கும் ஐந்தருவிக்கு டிக்கெட் கேட்டு, முன்னாலேயே எங்கள் ஊரில் இறங்கிவிடுவேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில் மகள் முந்திக்கொண்டு, "கு... கு..." என்றாள்.

"என்ன பாப்பா, வண்டி ஸ்டார்ட் ஆவலியோ?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அவள் தலைகுனிந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "கு... கு... குற்றாலம் ரெண்டு. என்னத்துக்குச் சிரிக்கிய? எனக்கும் இப்படித்தான் வ... வரும்."

சிரிப்பு நின்றது.

"அம்மா, ஒனக்குமா?"

"ஆமாட்டி. எங்கிட்ட இருந்துதான் ஒனக்கு வந்திருக்கு."

திக்கலைக் கொடுத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. இத்தனை வருஷம் அவளைத் தனியாகத் திக்கவிட்டதற்குத்தான் வெட்கப்படுகிறேன். இப்போது யாராவது எங்கள் வார்த்தையை முடித்துவைக்க வந்தால், இருவருமே கையைக் காட்டி நிறுத்துகிறோம். நாங்களே முடிப்போம்.